பெயரும் பாத்தியதையும்

ஐக்கிய நாடுகளின் பொதுச் சபையில் அங்கத்தினர்கள் ஆங்கில அகரவரிசைப்படி உட்காருவது நெடுநாளைய ஏற்பாடு. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி அந்தச் சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஒரு சிறிய குடியரசை எந்த எழுத்தின் கீழ் உட்காரவைப்பது என்பது பெரிய விவகாரமாகிவிட்டது. தன்னை மாசிடோனியா என்று சொல்லிக்கொண்ட அந்த நாடு அப்பெயரின் முதலெழுத்தின் கீழ் உட்காரக் கூடாதென்று அண்டை நாடான கிரீஸ் ஆட்சேபித்தது. சமரசத்துக்காக வகுக்கப்பட்ட ‘முன்னாள் யுகோஸ்லாவிய மாசிடோனியக் குடியரசு’ என்ற நீண்ட தொடரில் ‘முன்னாள்’ என்ற அடைமொழியையே தன் பெயராக்கி, அதன் எழுத்தின் கீழ் உட்கார அந்த நாடு சம்மதிக்கவில்லை. முடிவில், ஆங்கிலத்தில் பெயர்களுக்கு முன்னால் வந்து நிற்கும் ஒரு சிறு இடைச்சொல்லின் முதலெழுத்தைப் பிடித்துக்கொண்டு, அதைத் தாய்லாந்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். நாற்காலி கிடைத்த பிறகும் சபையின் வாசலில் அதன் கொடியை ஏற்றுவதற்கு இரண்டு வருஷத்துக்கு மேல் வழி பிறக்கவில்லை.

ராஜதந்திரிகளின் வேடிக்கை என்று இதைத் தள்ளிவிட்டுப் போவது சுலபம். ஆனால், ஏறக்குறைய இருபது லட்சம் ஜனங்களைக் கொண்ட, கடற்கரை இல்லாத ஒரு மலைநாட்டின் பெயரை முன்னிட்டுத் தெஸ்ஸலோனிகி நகரத்து வீதிகளில் 1992 பிப்ரவரியில் பத்து லட்சம் பேர் திரண்டார்களென்று கிரேக்கர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வதையும், 1994 தொடங்கி ஒன்றரை வருஷத்துக்கு மேல் அந்தத் துறைமுகத்தின் கதவு அந்த நாட்டின் வியாபாரத்துக்கு அடைக்கப்பட்டிருந்ததையும் எண்ணிப் பார்க்கையில், ஒரு பெயருக்குள் என்னதான் புதைந்து கிடக்கிறதென்று சற்று நிதானமாக ஆராயத் தோன்றுகிறது.

முதலில் அந்தப் பெயர் போன வழியைப் பார்ப்போம். கிறிஸ்து பிறப்பதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் பெல்லா என்ற தலைநகரிலிருந்து ஆண்ட பிலிப்பும், அவன் மகனும் நம் சிந்து நதியைத் தாண்டி வந்து திரும்பியவனுமாகிய அலெக்ஸாந்தரும் அதற்குக் கீர்த்தி தேடிக்கொடுத்தார்கள். ரோமானியர் அந்த ராஜ்யத்தை வென்று அதே பெயரில் ஒரு மாகாணம் அமைத்தார்கள். ஆறாம் ஏழாம் நூற்றாண்டுகளில் ஸ்லாவியக் கூட்டங்கள் வடக்கேயிருந்து இறங்கி வந்து குடியேறிய பின் நேர்ந்ததுதான் விசித்திரம். கான்ஸ்டான்டிநோப்பிளின் சக்கரவர்த்திகள் ‘மாசிடோனியா’ என்று ஒரு புதிய மாகாணத்தை ஏற்படுத்தியபோது, அது பழைய மாசிடோனியாவுக்கு வெகு கிழக்கே, திரேஸ் நாட்டில், அட்ரியானோப்பிளைத் தலைநகராகக் கொண்டு அமைந்தது. மக்கள் இடம்பெயர்வது போல ஒரு பெயர் தன் ஊரைவிட்டுத் தனியே இடம்பெயர்ந்துவிட்டது. அந்தக் கிழக்கு மாகாணத்திலிருந்து வந்த முதலாம் பசில் 867இல் அரியணை ஏறவே, அவன் வம்சத்தைச் சரித்திர ஆசிரியர்கள் மாசிடோனிய வம்சம் என்கிறார்கள். அந்த வம்சத்தில் வந்த இரண்டாம் பசில், 1014ஆம் ஆண்டு, ஒஹ்ரித் ஏரிக்கரையிலிருந்து ஆண்ட சாமுவேல் என்ற ஜாரின் சைனியத்தை முறியடித்துப் ‘பல்கேரியரைக் கொன்றவன்’ என்ற விருதைப் பெற்றான். ஆகவே, திரேஸிலிருந்து வந்த ‘மாசிடோனிய’ வம்சத்துச் சக்கரவர்த்தி, இன்றைய மாசிடோனியாவில் இருந்து ஆண்ட ஒரு மன்னனை வென்றதற்காகப் பல்கேரியர்களின் யமன் என்று புகழப்பட்டான். தோற்றுப்போன அந்தச் சாமுவேல் தங்களவன் என்று பல்கேரியரும் சொல்கிறார்கள், மாசிடோனியரும் சொல்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் செத்துப்போனவனுக்கு இரண்டு தேசத்துப் பிரஜா உரிமை.

துருக்கிச் சுல்தான்கள் அந்தப் பிரதேசத்தை ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் ஆண்டார்கள். அவர்களுடைய தஸ்தாவேஜுகளில் மாசிடோனியா என்று ஒரு மாகாணம் கிடையாது. சலோனிகா, மொனாஸ்திர், கொசோவோ என்று மூன்று மாகாணங்களாக அவர்கள் அதை நிர்வகித்தார்கள். பிரஜைகளை அவர்கள் பாஷையால் பிரித்தெண்ணவுமில்லை, மதத்தால் எண்ணினார்கள். கான்ஸ்டான்டிநோப்பிளின் கிரேக்கப் பேரதிபருக்குக் கீழ்ப்பட்ட வைதிகக் கிறிஸ்தவர்கள் அனைவரும், வீட்டில் ஸ்லாவிய மொழி பேசினாலும் அல்பேனிய மொழி பேசினாலும் ருமேனியத்துக்கு நெருங்கிய விலாக் மொழி பேசினாலும், ‘ரூம்’ ஜனங்கள், அதாவது ரோமானியர்கள். ரோமாபுரி விழுந்து ஆயிரத்து நானூறு வருஷங்களான பின்பும் மாசிடோனியக் குன்றுகளில் உழுதுகொண்டிருந்த குடியானவனுக்குச் சர்க்கார் கணக்கில் அதுதான் பெயர்.

இந்தச் சாந்தமான குழப்பத்தைக் கலைத்தது 1870ஆம் ஆண்டில் சுல்தான் பிறப்பித்த ஒரு ஃபர்மான். பல்கேரியர்களுக்குத் தனித் திருச்சபை ஒன்றை அது அனுமதித்தது. அந்தச் சபை எதுவரை செல்லும் என்பதற்கு, ஒரு மாவட்டத்து வைதிகக் கிறிஸ்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் விரும்பினால் அங்கும் அது செல்லலாம் என்று ஒரு விதியையும் வகுத்தது. அந்த ஒரு விதியால் ஒவ்வொரு கிராமமும் ஒரு தேர்தல் களமாயிற்று. பல்கேரியத் திருச்சபையின் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பினவன் பல்கேரியனானான். கிரேக்கப் பேரதிபரின் பாதிரியாரிடமே ஞானஸ்நானம் பெற்றவன் கிரேக்கனானான். பிறகு செர்பியர்களும் பள்ளிகளோடு வந்து சேர்ந்தார்கள். பெர்லினிலும் வியன்னாவிலும் ஏதென்ஸிலும் சோபியாவிலும் பெல்கிரேடிலும் அச்சான இனவாரிப் படங்களில் ஒரே பள்ளத்தாக்கு ஒன்றில் பச்சையாகவும் மற்றொன்றில் மஞ்சளாகவும் இருந்தது. படம் போட்டவன் எந்த நாட்டான் என்று தெரிந்தால், பிரித்துப் பார்க்காமலே வர்ணத்தைச் சொல்லிவிடலாம்.

அந்தக் காலத்தில் அங்கே சுற்றிய பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலப் பத்திரிகாசிரியர் 1906இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு குடியானவனோடு நடந்த சம்பாஷணையைச் சொல்லியிருக்கிறார். உங்கள் கிராமம் கிரேக்கக் கிராமமா, பல்கேரியக் கிராமமா என்று அவர் கேட்டதற்கு, இப்போது பல்கேரியக் கிராமம், நாலு வருஷத்துக்கு முன்பு கிரேக்கக் கிராமமாக இருந்தது என்ற பொருளில் அவன் பதில் சொன்னானாம். அதில் ஆச்சரியப்பட ஏதுமிருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. எல்லோரும் ஏழைகள், ஊருக்கென்று ஒரு வாத்தியாரும் ஒரு பாதிரியாரும் வேண்டியிருந்தது, கிரேக்க பிஷப் கைவிரித்துவிட்டார், மற்றவர்கள் முன்வந்தார்கள். இதைப் படித்துவிட்டு, பெயரை விலைக்கு விற்ற கும்பல் என்று அந்த ஜனங்களை இகழ்ந்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகள் எழுத்தறியவேண்டும், செத்தால் சடங்கு நடக்கவேண்டும் என்ற இரண்டு கவலைகளும் அவனுக்குச் சத்தியமானவை. தான் பல்கேரியனா கிரேக்கனா என்ற கேள்வி வெளியிலிருந்து குதிரையேறி வந்த ஒரு துரையின் கேள்வி. ஆயினும் இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: பள்ளிக்கூடத்துக்காக ஏற்றுக்கொண்ட பெயருக்காக அதே கிராமங்களில் அடுத்த சில வருஷங்களிலேயே மனிதர்கள் ஒருவரையொருவர் கொன்றார்கள், தங்கள் உயிரையும் கொடுத்தார்கள். பெயர் வந்த வழி அற்பமானது என்பதால் பெயரின் மேல் வைத்த பற்றும் அற்பமானது என்று சொல்லிவிட முடியாது. இந்த விவகாரத்தில் எழுதிய அறிஞர்களில் பலர் இடறிவிழுந்த இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

1903 ஆகஸ்டில் துருக்கியருக்கு எதிராக ஒரு கலகம் எழுந்தது. குருஷெவோ என்ற மலையூரில் பத்து நாட்கள் குடியரசுக் கொடி பறந்தது. பிறகு ஊர் எரிந்தது. 1912இல் கிரீஸும் செர்பியாவும் பல்கேரியாவும் ஒன்றுசேர்ந்து துருக்கியரை விரட்டின; அடுத்த வருஷமே கிடைத்த சொத்தின் பாகப்பிரிவினையில் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். 1913 ஆகஸ்டில் புகாரெஸ்ட் உடன்படிக்கை ஏற்பட்டபோது, கிரீஸுக்கு ஏறக்குறையப் பாதி, செர்பியாவுக்கு ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு, பல்கேரியாவுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று பாகம் பிரிந்தது. அது முதல் ஒவ்வொரு பங்காளியும் தன் பங்கில் கிடைத்த மனிதர்களுக்கும் ஊர்களுக்கும் நாமகரணம் செய்யத் தொடங்கினார்.

செர்பியர்கள் தங்கள் பங்கைத் ‘தென் செர்பியா’ என்றார்கள். 1929இல் ராஜ்யம் யுகோஸ்லாவியா என்று பெயர் மாறியபோது அது வர்தார் என்ற ஆற்றின் பெயரால் ஒரு மாகாணமாயிற்று. அந்தப் பங்கில் அகப்பட்ட ஒரு குடும்பத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஸ்தொயான் என்பது அங்கே சாதாரணமாக வழங்கும் பெயர். அந்தப் பெயருடைய ஒரு பாட்டனாரின் சந்ததியை வைத்துக்கொள்வோம். பல்கேரியப் பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் அவர் மகன் ‘ஸ்தொயானோவ்’ என்று எழுதப்பட்டிருப்பான். 1913க்குப் பிறகு செர்பிய குமாஸ்தா அதை ‘ஸ்தொயானோவிச்’ ஆக்கியிருப்பார். முதல் உலக யுத்தத்தில் பல்கேரியப் படைகள் வந்து மூன்று வருஷம் இருந்தபோது பழைய விகுதி திரும்பியிருக்கும். அவர்கள் போனதும் ‘விச்’ வந்திருக்கும். 1941இல் பல்கேரியர்கள் மறுபடி வந்தபோது ‘ஓவ்’ மறுபடி வந்திருக்கும். 1944க்குப் பின் மாசிடோனியக் குடியரசு ஏற்பட்டதும் அந்தக் குடும்பம் ‘ஸ்தொயானோவ்ஸ்கி’ ஆகியிருக்கும். எல்லைக்குத் தெற்கே வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு பெண்ணின் வழியில் வந்தவர்களுக்குக் கிரேக்க விகுதி. ஒரே முற்றத்தில் பிறந்தவர்கள் மூன்று ராஜ்யங்களின் இலக்கணத்தைக் கடைசி அசையில் சுமந்துகொண்டு திரிந்தார்கள். இது கற்பனைக் குடும்பமே ஆனாலும், அந்த நாட்டில் மூன்று தலைமுறைக் காகிதங்களைச் சேர்த்துவைத்திருக்கும் எந்த வீட்டிலும் இப்படிப்பட்ட கதை ஒன்று இருக்கும்.

ஊர்களின் கதையும் அதுவே. இன்று ஸ்கோப்யே என்று வழங்கும் தலைநகரைத் துருக்கியர் உஸ்குப் என்றார்கள், செர்பியர் ஸ்கோப்லியே என்கிறார்கள், அல்பேனியர் ஷ்குப் என்கிறார்கள். 1910இல் அங்கே அல்பேனிய மொழி பேசும் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்த பெண் குழந்தையை, பிற்காலத்தில் கல்கத்தாவின் அன்னை தெரேசாவாக, நாம் எல்லோரும் அறிவோம். பதினெட்டாவது வயதில் அவர் வீட்டைவிட்டுப் புறப்படுவதற்குள் அந்த ஊரைத் துருக்கியரும் செர்பியரும் பல்கேரியரும், மறுபடி செர்பியரைத் தலைமையாகக் கொண்ட புதிய ராஜ்யமும் ஆண்டிருந்தன. அவர் எந்தத் தேசத்தின் மகள் என்பதில் அல்பேனியாவுக்கும் ஸ்கோப்யேக்கும் இன்னும் ஊடல் உண்டு. அவர் உழைத்து மடிந்த நகரமும், அவர் மறைந்து நாலு வருஷத்தில், கொல்கத்தா என்று பெயர் மாறியது.

கிரேக்கர் பங்கில் நடந்ததைச் சொல்லும்போது நியாயத்தை இருபுறமும் தூக்கிப் பார்க்கவேண்டும். 1923இல் லோசான் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி துருக்கியிலிருந்து கிரீஸுக்கு ஏறக்குறைய 12 லட்சம் கிறிஸ்தவர்களும், கிரீஸிலிருந்து துருக்கிக்கு மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களும் கட்டாயமாக மாற்றப்பட்டார்கள். மதமே இங்கும் அளவுகோல்: துருக்கி மொழியைத் தவிர வேறொன்றும் அறியாத அனத்தோலியக் கிறிஸ்தவர்கள் கிரேக்கர்களென்று அனுப்பப்பட்டார்கள், கிரேக்கத்தைத் தவிர வேறறியாத கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கியர்களென்று கப்பலேற்றப்பட்டார்கள். வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கிரேக்க மாசிடோனியாவில் குடியேறினார்கள். மர்மரா கடற்கரையில் மூதானியாவை இழந்தவர்கள் இங்கே ‘புது மூதானியா’ என்று ஓர் ஊர் கட்டிக்கொண்டார்கள். தன் ஊரை இழந்தவன், போய்ச் சேர்ந்த இடத்தில் தன் ஊர்ப்பெயரையாவது நட்டுவைக்கத்தான் செய்வான்; நட்ட இடத்தில் முன்பு வேறொருவன் பெயர் இருந்தது என்பது அவனுடைய கவலையாக இருக்க முடியாது.

ஆனால் சர்க்காரின் கவலை வேறு. 1926இல் சட்டத்தின் துணைகொண்டு நூற்றுக்கணக்கான கிராமங்களின் ஸ்லாவிய, துருக்கியப் பெயர்கள் நீக்கப்பட்டுக் கிரேக்கப் பெயர்கள் வைக்கப்பட்டன. பழைய பெல்லாவின் இடிபாடுகளுக்கு அருகே போஸ்தொல் என்றொரு சிற்றூர் இருந்தது. அதற்கும் பெல்லா என்ற பெயரே மீண்டது. அந்தப் போஸ்தொலில்தான் 1874இல் கிறிஸ்தே மிசிர்கொவ் பிறந்தார். மாசிடோனியாவின் ஸ்லாவியர்கள் பல்கேரியருமல்லர், செர்பியருமல்லர், தங்கள் நாட்டின் நடுப்பகுதி வழக்கை ஆதாரமாகக் கொண்டு தனி இலக்கிய பாஷை ஒன்றை அவர்கள் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று 1903ஆம் ஆண்டிலேயே சோபியாவில் ஒரு நூலை அச்சிட்டவர் அவர். அந்த நூலின் பிரதிகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. அதே மிசிர்கொவ் பிற்காலத்தில் பல்கேரிய அபிமானியாகவும் எழுதியிருக்கிறார் என்பதைப் பல்கேரிய அறிஞர்கள் எடுத்துக்காட்டத் தவறுவதில்லை. எது உண்மையான மிசிர்கொவ் என்று இரண்டு தரப்பும் வழக்காடுகின்றன. மனிதன் ஒருவன் தன் ஆயுளில் இரண்டு பெயரையும் மனமாரத் தாங்கியிருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள இரண்டு தரப்புக்கும் மனம் வருவதில்லை.

1925இல் ஏதென்ஸில் வெளியான ‘அபெசெதார்’ என்ற அரிச்சுவடியின் கதி இதைவிடப் பரிதாபம். சிறுபான்மையோருக்குத் தாய்மொழிக் கல்வி தருவதாகச் சர்வதேச சங்கத்துக்குக் கொடுத்த வாக்கை முன்னிட்டு, ஸ்லாவியக் குழந்தைகளுக்காகக் கிரேக்க சர்க்காரே அச்சிட்ட பாடப்புத்தகம் அது. பல்கேரியருடைய எழுத்தும் ஆகாது, செர்பியருடைய எழுத்தும் ஆகாது என்று ரோமன் லிபியில் அச்சிட்டார்கள். இந்தக் குழந்தைகள் பேசுவது எங்கள் பாஷையல்ல என்று காட்டப் பார்க்கிறீர்கள் என்று சோபியாவும் பெல்கிரேடும் சீறின. இப்படி ஒரு பாஷை இருப்பதையே ஏன் ஒப்புக்கொள்கிறீர்கள் என்று உள்நாட்டில் கூக்குரல் எழுந்தது. எந்தக் குழந்தையும் அதை விரித்துப் படிக்கும் முன்பே அரிச்சுவடி மறைந்தது. பத்து வருஷங்களுக்குப் பின் கிரீஸில் மெடாக்ஸாஸ் நடத்திய சர்வாதிகாரத்தில் அந்த பாஷையைப் பேசுவதே குற்றமாயிற்று. கிரீஸின் உள்நாட்டுப் போர் முடிந்த 1949ஐ ஒட்டி ஆயிரக்கணக்கான ஸ்லாவியர்கள், குழந்தைகள் உட்பட, எல்லை தாண்டி ஓடினார்கள். ஓடிய அகதிகள் திரும்பலாம் என்று 1982இல் கிரீஸ் வெளியிட்ட உத்தரவு, ‘கிரேக்க வம்சத்தினர்’ மட்டும் என்ற ஒரு நிபந்தனையால் அவர்களை வெளியிலேயே நிறுத்தியது.

இனி பாஷையின் கதை. 1944 ஆகஸ்டு 2ஆம் தேதி, யுத்தம் முடியுமுன்பே, கொரில்லாப் படையினரின் பிரதிநிதிகள் ஒரு மடாலயத்தில் கூடி மாசிடோனியக் குடியரசைப் பிரகடனம் செய்தபோது, மாசிடோனிய மொழியே அதன் ஆட்சிமொழி என்றும் தீர்மானித்தார்கள். எழுத்து முறையை வகுக்க ஒரு கமிட்டி கூடியது. பல்கேரிய அரிச்சுவடியில் உள்ள ஒரு குறுகிய உயிரெழுத்தை வைத்துக்கொள்வதா நீக்குவதா என்பது அங்கே கடும் விவாதப் பொருளாயிற்று. இருபத்திரண்டு வயதே நிரம்பிய பிளாஷே கொனெஸ்கி என்ற கவிஞர் நீக்கவேண்டுமென்ற கட்சியில் நின்றார். 1945 மே மாதம் எழுத்துக்கள் முடிவாயின. அந்த உயிரெழுத்து அவற்றில் இல்லை. 1952இல் கொனெஸ்கியின் இலக்கணம் வெளிவரத் தொடங்கியது. இது கமிட்டியில் பிறந்த பாஷை, அரசியல் ஆணையால் உண்டானது என்று பல்கேரியர்கள் இன்றும் பரிகாசம் செய்கிறார்கள். எழுத்தைக் கமிட்டி வகுத்தது உண்மையே. ஆனால் பேச்சைக் கமிட்டி வகுக்கவில்லை. வெலஸிலும் பிரிலெப்பிலும் பாட்டிகள் பேசிய பேச்சைத்தான் அவர்கள் எழுத்தில் பிடித்தார்கள். ஐரோப்பாவில் எந்த இலக்கிய பாஷை கமிட்டிகளும் அகராதிக்காரர்களும் இல்லாமல் தானாக முளைத்தது? நவீனப் பல்கேரிய மொழியே பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர்கள் சண்டையிட்டு நிலைநிறுத்தியதுதான். இரண்டு மொழிகளும் மிக நெருங்கியவை. ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்கும். நெருக்கம்தான் சச்சரவுக்குக் காரணம். தூரத்துப் பாஷையாக இருந்தால் அதன் பெயரைப் பற்றி யார் கவலைப்படப்போகிறார்கள்?

பல்கேரியாவின் ஜனத்தொகைக் கணக்கு வேறொரு பாடத்தைச் சொல்கிறது. கம்யூனிஸ்டு நட்பு நிலவிய காலத்தையொட்டி 1956இல் எடுத்த கணக்கில் பல்கேரியாவில் 1,80,000க்கும் மேற்பட்ட மாசிடோனியர்கள் இருந்தார்கள். 1965இல் அடுத்த கணக்கு. பத்தாயிரம் பேர்கூட இல்லை. பிளேக் வரவில்லை, யுத்தம் வரவில்லை, அந்த மலையடிவாரங்களை விட்டு யாரும் எங்கும் போகவுமில்லை.

பெயர்ச் சண்டையில் கட்சியே இல்லாமற் போனவர்களும் உண்டு. சலோனிகா என்றும் வழங்கிய தெஸ்ஸலோனிகி நகரத்தில் நானூறு வருஷங்களுக்கு மேல் பெருந்திரளாக வாழ்ந்த யூதர்கள், ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டபோது கொண்டுவந்த பழைய ஸ்பானிய மொழியில் அந்த ஊரை அழைத்துவந்தார்கள். 1943இல் ஜெர்மானியர் அவர்களில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள். அதே வருஷம் மார்ச் மாதத்தில் ஸ்கோப்யே, பிட்டோலா யூதர்கள் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பல்கேரிய அதிகாரிகள் பிடித்துக்கொடுக்க, அவர்கள் திரெப்லிங்காவில் மாண்டார்கள். சலோனிகாவில் அவர்களுடைய இடுகாடு இருந்த இடத்தில் இன்று பல்கலைக்கழகம் நிற்கிறது. அந்த ஊர் எந்தத் தேசத்துக்கு உரியது என்ற வாதங்களைப் புரட்டும்போது இவர்களைப் பற்றி ஒரு பத்தி கிடைப்பதே அபூர்வம்.

1991இல் யுகோஸ்லாவியா சிதறியபோது தனி நாடான மாசிடோனியா, தன் கொடியில் பதினாறு கதிர்களுள்ள பொற்சூரியனை வைத்தது. 1977இல் வெர்ஜினா என்ற இடத்தில் அந்திரோனிகோஸ் என்ற கிரேக்க ஆராய்ச்சியாளர் தோண்டி எடுத்த அரச கல்லறையில், எலும்புகளைத் தாங்கிய பொற்பேழையின் மூடியில் இருந்த சின்னம் அது. கிரேக்கர்களுக்கு மூண்ட கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. அந்தப் பேழை கிடைத்தது அவர்கள் மண்ணில். ஆனால் அதே கிரேக்க சர்க்கார் 1988 வரையில் தன் மாசிடோனியாவுக்கான மந்திரி இலாகாவை ‘வடகிரீஸ் இலாகா’ என்றுதான் அழைத்துவந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. எதிராளி உரிமை கேட்ட பின்பே சொத்தின் மதிப்புத் தெரிகிறது. ஸ்கோப்யேக்காரர்களோ இன்னும் ஒரு படி மேலே போய், விமான நிலையத்துக்கு அலெக்ஸாந்தர் பெயரை வைத்து, 2011இல் நகர மையத்தில் குதிரைமேல் ஆரோகணித்த ஒரு பெரும் வெண்கலச் சிலையையும் நிறுத்தினார்கள். ‘குதிரைமேல் போர்வீரன்’ என்று அதற்கு அடக்கமாகப் பெயரிட்டார்கள். பெயருக்காக இவ்வளவு சண்டை போட்டவர்கள் பெயர் சொல்லப் பயந்த இடம் அது ஒன்றே.

மாத்யூ நிமெட்ஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞர் வருஷத்துக்கு ஒரு டாலர் சம்பளத்தில் நெடுங்காலம் மத்தியஸ்தம் பேசினார். கடைசியில் 2018 ஜூன் 17ஆம் தேதி, பிரெஸ்பா ஏரிக்கரையில் ப்ஸராதேஸ் என்ற மீனவ கிராமத்தில், ‘வடக்கு மாசிடோனியா’ என்ற பெயருக்கு இரு நாடுகளும் கையெழுத்திட்டன. அந்த உடன்படிக்கையின் ஏழாவது பிரிவை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். மாசிடோனியா, மாசிடோனியர் என்ற சொற்களால் இரு தரப்பாரும் குறிப்பவை வெவ்வேறு சரித்திரமும் வெவ்வேறு பண்பாடும் என்று அது ஒப்புக்கொள்கிறது: கிரேக்கருக்கு அவை பண்டைய ஹெல்லேனிய நாகரிகத்தின் தொடர்ச்சி, மற்றவர்களுக்கு அவை தங்கள் நிலமும் ஜனங்களும் தென்ஸ்லாவிய மொழியும். ஒரு நூற்றாண்டுக் காலம் பேராசிரியர்கள் தடித்தடி நூல்களில் எழுதாத ஒரு நிதானத்தை இரண்டு வெளிநாட்டு மந்திரிகளின் வக்கீல்கள் நாலு வாக்கியத்தில் எழுதிவிட்டார்கள். சட்டபாஷை வறண்டது என்று நாம் சொல்வதுண்டு. இங்கே அந்த வறட்சி ஒரு தயையாக வந்து வாய்த்தது.

இதற்காக ஜனங்கள் மகிழ்ந்தார்களா என்றால் இல்லை. செப்டம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஆதரித்தார்கள். ஆனால் வாக்களிக்க வந்தவர்களே நூற்றுக்கு முப்பத்தேழு பேர். 2019 ஜனவரியில் 120 பேர் கொண்ட பார்லிமெண்டில் 81 வாக்குகளால் சாசனம் திருத்தப்பட்டது, வேண்டியது 80. அந்த நாட்டு அல்பேனியச் சிறுபான்மையினரின் அங்கத்தினர்கள் இல்லாவிட்டால் அந்த எண்ணிக்கை எட்டியிராது. தங்களுக்கு ஒட்டாத ஒரு பெயரை மாற்றுவதில் அவர்களுக்கு வலியில்லை. ஐரோப்பாவின் கதவு திறக்கவேண்டும், அவ்வளவுதான். மோட்டார் வண்டிகளின் எண்பலகை மாறிற்று. சிலைகளுக்கு விளக்கப் பலகைகள் வந்தன. பழைய பெயர் அச்சிட்ட பாஸ்போர்ட்டுகள் 2024 பிப்ரவரியில் செல்லாதவையாயின. அந்த வருஷம் மே மாதம் புதிய ஜனாதிபதி பதவிப் பிரமாணம் எடுத்தபோது ‘வடக்கு’ என்பதை விட்டுவிட்டு மாசிடோனியா என்று மட்டும் சொல்ல, கிரேக்கத் தூதர் எழுந்து வெளியே போனார்.

தெற்கு வாசலில் சண்டை அடங்கும் சமயத்தில் கிழக்கு வாசலில் பல்கேரியா வந்து நின்றது. 1992இலேயே, எல்லோருக்கும் முந்தி, அந்த நாட்டை அங்கீகரித்தது பல்கேரியாதான். நாட்டை அங்கீகரித்ததே தவிர, மாசிடோனியர் என்ற தனி ஜனத்தையோ மொழியையோ அது அங்கீகரிக்கவில்லை. 2020 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேச்சுவார்த்தை தொடங்குவதைத் தடுத்தது. இரு நாட்டுச் சரித்திர ஆசிரியர்களும் அடங்கிய கூட்டுக் கமிஷன் ஒன்று கூடிக்கூடிக் கலைகிறது. அது சிக்கிக்கொண்ட முடிச்சுகளில் பெரியது கோத்ஸே தெல்செவ் என்ற புரட்சிக்காரர். அவர் 1872இல் பிறந்த குகுஷ் என்ற ஊர் 1913 யுத்தத்தில் எரிந்து, ஜனங்கள் பல்கேரியாவுக்கு ஓடி, இன்று கில்கிஸ் என்ற பெயரோடு கிரீஸில் இருக்கிறது. 1903 மே மாதம் துருக்கியப் படை அவரைச் சுட்டுக்கொன்ற பானித்ஸா கிராமமும் கிரீஸில்தான். அவர் எலும்புகளைப் பல்கேரியர்கள் எடுத்துச்சென்று சோபியாவில் பாதுகாத்து, கம்யூனிஸ்டு நட்பின் பேரில் 1946இல் ஸ்கோப்யேக்குக் கொடுத்தார்கள். அங்கே ஒரு தேவாலய முற்றத்தில் அவை இருக்கின்றன. பல்கேரியப் பள்ளியில் வாத்தியாராக இருந்து, மாசிடோனியாவின் சுயாட்சிக்காக உயிர்விட்ட அவர் தம்மை என்னவென்று கருதினார் என்ற கேள்வியில் கமிஷன் அங்கத்தினர்கள் உடன்படவில்லை.

2022இல் பிரெஞ்சுக்காரர்கள் வகுத்த சமரசத்தின்படி ஸ்கோப்யே தன் சாசனத்தில் பல்கேரியர்களையும் ஒரு ஜனப் பிரிவாகச் சேர்க்கவேண்டும். அதற்கும் வேண்டியது மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, இதுவரை சேரவில்லை. 2021ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கில் அங்கே தங்களைப் பல்கேரியர் என்று எழுதிக்கொண்டவர்கள் சுமார் மூவாயிரத்து ஐந்நூறு பேர். ஆனால் தாங்கள் பல்கேரிய வம்சத்தினர் என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டுப் பல்கேரியப் பாஸ்போர்ட் பெற்றுக்கொண்ட மாசிடோனியர்கள் பதினாயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் முன்னாள் பிரதம மந்திரி ஒருவரும் உண்டு. அந்தப் பாஸ்போர்ட் இருந்தால் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் வேலை பார்க்கலாம். பிள்ளைகளை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம்.